நம் அணியினரே நம் பெயரை வசையாக்கும்போது என்ன செய்வது?

வைகைக்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. மதுரை மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் கணக்கர் வேலை பார்க்கிறேன். நான் தன்பாலீர்ப்புள்ள ஆண். இது என் அக்காவுக்கும் நான்கைந்து நண்பர்களுக்கும் மட்டுமே தெரியும் என்பதால் புனைபெயரில்தான் எழுதுகிறேன். சாதி ஒழிப்பு, பேச்சுரிமை, மதச்சார்பின்மை ஆகியவற்றின் பக்கம் நின்று பத்து ஆண்டுகளாக இணையத்தில் எழுதி வருகிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் இல்லை என்றாலும், தேர்தல் வந்தால் எந்த அணிக்கு வாக்குக் கேட்பேன் என்பது என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என் கேள்வி அந்த அணியைப் பற்றியது.

சென்ற மாதம் ஒரு மீம் பரவியது. எதிரணித் தலைவர் ஒருவர் மேடையில் இன்னொரு தலைவரைக் கட்டித் தழுவும் பழைய படத்தை எடுத்து, அவர்கள் இருவருக்கும் இடையே ‘வேறு உறவு’ இருப்பதாக எழுதியிருந்தார்கள். அதைப் பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் நான் மதிக்கும் மனிதர்கள். அவர்களில் ஒருவர், 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் எங்களை விடுவித்தபோது, நள்ளிரவு வரை விழித்திருந்து நெகிழ்ந்து எழுதியவர். அந்தப் பதிவை நான் இன்றும் சேமித்து வைத்திருக்கிறேன். அவரே அந்த மீமின் மேல் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளை இட்டிருந்தார்.

இது தவறு என்று பின்னூட்டத்தில் எழுதினேன். ‘உங்களைச் சொல்லவில்லை தோழர், அவரைத்தான் சொன்னோம்’ என்று பதில் வந்தது. மூன்று வாரமாக அந்த ஒரு வரியிலிருந்து என்னால் மீள முடியவில்லை. அந்தத் தலைவரை இழிவுபடுத்த ஒரு சொல் தேவைப்பட்டபோது அவர்கள் தேடி எடுத்தது என் பெயரை. அவர் ஊழல் செய்தார் என்று சொன்னால் கணக்கைக் காட்ட வேண்டும். வெறுப்பைப் பேசினார் என்று சொன்னால் எந்த ஊரில், எந்த மேடையில் என்று காட்ட வேண்டும். ‘அவன் அப்படிப்பட்டவன்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அப்படி இருப்பது கேவலம் என்பதில் பேசுபவரும் கேட்பவரும் முன்பே உடன்பட்டுவிட்டார்கள். அந்த உடன்பாட்டில் என் தோழர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் துயரம்.

இதைத் தடைசெய்ய வேண்டும் என்றும் என்னால் கேட்க முடியவில்லை. 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது மகிழ்ந்தவன் நான். எரிச்சலூட்டும் ஒரு வரிக்காகக் காவல் நிலையம் போகும் நாடு மீண்டும் வரக் கூடாது. தளங்களில் இருக்கும் புகார்ப் பொத்தானையும் நம்பவில்லை. இரண்டு ஆண்கள் கைகோத்து நடக்கும் படத்தை நான் ஒரு தளத்தில் இட்டபோது, கூட்டமாகப் புகார் அளித்து அதை நீக்க வைத்தார்கள்.

பெயரைச் சொல்லிப் பொதுவெளியில் எழுதுவதா, தனிமடலில் சொல்வதா, நண்பர்கள் சிலர் சொல்வது போலத் தேர்தல் முடியும் வரை பொறுத்திருப்பதா? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையதறி எழுதுகிறார்:

தம்பி, எனக்கு 57 வயதாகிறது. உங்களைப் போன்றவன்தான், திருமணம் செய்து வைக்கப்பட்டு, பிறகு இருவரும் பேசிப் பிரிந்தோம். அதை இங்கே விரிக்கவில்லை.

2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் 377ஆம் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ் இணையத்தில் பல நாட்கள் கடுமையான சண்டை நடந்தது. இது நம் பண்பாடு இல்லை, மேற்கிலிருந்து வந்த நோய் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதுவார். அந்தச் சட்டம்தான் மேற்கிலிருந்து வந்தது, மெக்காலேயின் குழு வரைந்து 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் பகுதி அது என்று நாங்கள் பதில் எழுதுவோம். அவர் மறுப்பார், நாங்கள் மீண்டும் எழுதுவோம். புண்பட்டோம், ஆனால் எதிரில் நின்றவர் தான் நம்புவதைத் தன் வாயால் சொன்னார், அதனால் அதற்கு மறுமொழி சொல்ல முடிந்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்ட இரவிலும், எங்களோடு வாதிட்டவர்களில் இருவர் எனக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்கள். நாலரை ஆண்டு வாதம் அவர்களுக்குள் எங்கேயோ இறங்கியிருந்தது.

இன்றைய மீம் எதையும் சொல்வதில்லை. சொல்லாமல் சிரிக்க வைக்கிறது. கேட்டால், நான் அப்படி எங்கே சொன்னேன் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு வந்த ‘உங்களைச் சொல்லவில்லை’ என்ற பதிலும் அந்த வகைதான். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் கோபத்தோடு அந்தப் படத்தை மேற்கோளாகப் பகிர்ந்தால், தளத்தின் கணக்கில் அது அந்தப் படத்துக்குக் கிடைத்த இன்னொரு வரவேற்புதான். உங்கள் வாசகர் ஆயிரம் பேருக்கு அதை நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஆவீர்கள். எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். அந்தப் படம் உங்கள் பதிவில் இடம்பெற வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட்டாகக் கூட வேண்டாம். பகிர்ந்தவர்களின் பெயரும் வேண்டாம். பெயரை எழுதினால் மறுநாள் பேச்சு முழுவதும் அந்த ஆளைப் பற்றியதாகிவிடும்.

2018இல் நெகிழ்ந்து எழுதினார் என்றீர்களே, அவருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள்.

மன்றவாசல் எழுதுகிறார்:

நான் சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். வைகைக்கரையான் தடை கேட்கவில்லை. இருந்தாலும் இந்த இழையைப் படிக்கும் சிலருக்கு வழக்குப் போடலாமே என்று தோன்றும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் வருவது அவதூறு. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அந்தத் தலைவர் வழக்குத் தொடரலாம். ஆனால் அவர் நீதிமன்றத்தில் என்ன வாதிட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘என்னைத் தன்பாலீர்ப்புள்ளவன் என்று சொன்னதால் சமூகத்தில் என் மதிப்புக் குறைந்தது’ என்று வாதிட வேண்டும். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டால், வைகைக்கரையானாக இருப்பது மதிப்புக் குறைவு என்று ஒரு நீதிமன்றம் பதிவுசெய்தது போலாகிவிடும். மீமைப் போட்டவருக்குத் தண்டனை கிடைத்தாலும் அந்த வழக்கில் தோற்பது நீங்கள்தான்.

அடுத்தது ஆபாசம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. எது ஆபாசம் என்பதை முதலில் முடிவுசெய்பவர் புகாரை வாங்கும் காவலர். இருவர் முத்தமிடும் ஓவியத்தையும் இந்த மீமையும் அவர் முன் வைத்தால் எதை ஆபாசம் என்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுரிமை பற்றி நீங்கள் எடுத்திருக்கும் நிலைப்பாடு கொள்கை அளவில் சரியானது. நடைமுறையில் நம் பாதுகாப்புக்கும் அதுவே தேவை.

தளங்களைப் பற்றி ஒரு செய்தி. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த ஆணையில், ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதைத் தடைசெய்தார். மீறும் மருத்துவரின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கலாம் என்றார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இதற்கு நேர்மாறாக, முகநூலையும் இன்ஸ்டகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் தன் விதிகளைத் திருத்தி, பாலினத்தையோ பாலீர்ப்பையோ காரணம் காட்டி ஒருவரை மனநோயாளி என்று சொல்வதை அனுமதித்தது. வேறு எந்தப் பிரிவினருக்கும் இப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. மருத்துவப் பட்டம் பெற்றவர் தம் அறையில் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்ததை, யார் வேண்டுமானாலும் கோடிப் பேர் முன்னிலையில் சொல்லலாம் என்று ஒரு நிறுவனம் கதவைத் திறந்துவிட்டது. நிறுவனத்துக்கும் கருத்துரிமை உண்டு என்று வாதிடலாம். ஆனால் அந்த ஒரு விலக்கைத் தேர்ந்தெடுத்து எழுதியது அரசியல் முடிவு. அதை அரசியலாகவே நாம் பேச வேண்டும்.

2021 ஆணையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி வேறு. தன்பாலீர்ப்பைப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையினரில் தாமும் ஒருவர் என்று நீதிபதி வெளிப்படையாக எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுக் கற்ற பிறகே தீர்ப்பெழுதினார். நம் அணியினரிடம் நான் எதிர்பார்ப்பது அந்த அளவு நேர்மை மட்டும்தான். முற்போக்காளர் என்ற சொல்லைச் சூடிக்கொண்டதாலேயே கற்க வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களிடம்தான் என்னிடம் வழக்குக்காக வருபவர்களுக்கு மிகுந்த தொல்லை வருகிறது.

இரவுக்காவல் எழுதுகிறார்:

நான் இங்கே பெரும்பாலும் படிப்பவன், எழுதுபவன் இல்லை. ஓர் அணியின் இணையப் பிரிவில் ஊதியம் இல்லாமல் வேலை செய்கிறேன். எங்கள் தரப்பு எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இரவு பத்து மணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். அதை யார் செய்தார், எதற்குச் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. இருபது நிமிடத்தில் நாற்பது குழுக்களுக்குப் போய்விடும். மறுநாள் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். கட்டித் தழுவும் அந்தப் படம் என் கைப்பேசியிலிருந்தும் போயிருக்கிறது; பொய் சொல்ல மாட்டேன். அனுப்பும்போது உங்களைப் போன்றவர்கள் ஒரு கணமும் என் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் நான் உங்களோடு உடன்படாத இடம் ஒன்று உண்டு. 2023இல் தன்பாலினத் திருமண உரிமை வழக்கில் ஒன்றிய அரசு, இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து மட்டுமே என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. அந்த மனநிலை மாநிலத்திலும் ஆட்சிக்கு வந்தால் நீங்கள் இழக்கப்போவது ஒரு மீமைவிடப் பெரியது. நீங்கள் இன்று பொதுவெளியில் எழுதினால், நாளைக் காலை எதிரணியின் குழுக்களில் உங்கள் பதிவுதான் சுற்றும்: ‘இவர்களுடைய முற்போக்கு இதுதான்’ என்று. உங்கள் வலியை அவர்கள் மதிக்கப்போவதில்லை, பயன்படுத்திக்கொள்வார்கள். தேர்தல் வரை தனிமடலில் மட்டும் பேசுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். வென்ற பிறகு நானே உங்கள் பக்கம் நின்று பேசுவேன்.

மன்றவாசல் மீண்டும்:

இரவுக்காவல் ஒளிக்காமல் எழுதியதை மதிக்கிறேன். ‘வென்ற பிறகு’ என்பதற்கு மட்டும் ஒரு மறுமொழி.

2015 டிசம்பர் 18 அன்று, 377ஆம் பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவைச் சசி தரூர் மக்களவையில் அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார். ஆதரவாக 24 வாக்குகள், எதிராக 71. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அவையில் மற்றவர்கள் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை. முற்போக்குப் பேசும் கட்சிகளின் உறுப்பினர்கள் பலரும் அதில் அடக்கம். 2023இல் தன்பாலினத் திருமணத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்த மாநிலங்களில், அன்று காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் இருந்தது. மறு ஆண்டு அதே கட்சியின் தேர்தல் அறிக்கை, விரிவான கலந்தாய்வுக்குப் பின் தன்பாலின இணையர்களின் குடிமை இணைவை, அதாவது திருமணம் என்ற பெயரின்றிச் சட்டம் ஏற்கும் துணையுறவை, ஏற்கும் சட்டம் கொண்டுவருவோம் என்று சொன்னது. இடையில் ஐந்து நீதிபதிகள் முன் பல நாட்கள் வழக்கு நடந்தது. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17 அன்று தோற்றோம். தோற்ற வழக்குத்தான் அந்த வரியை அறிக்கைக்குள் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. வாய்மூடி இருந்ததற்குப் பரிசாக எந்தக் கட்சியும் இதுவரை எதையும் தந்ததாக என் நினைவில் இல்லை.

தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 2008இலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டவர்களால் அது வந்தது. 2025 ஜூலையில் வெளியான மாநிலக் கொள்கையும் திருநர்களுக்கானதே. வைகைக்கரையானைப் போன்றவர்கள் அதற்குள் வரவில்லை.

மலையடிவாரம் எழுதுகிறார்:

நான் திண்டுக்கல் பக்கத்துப் பெண், பெண்களை நேசிப்பவள், 26 வயது. இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

இங்கே பேசுபவர்கள் எல்லோரும் அந்த மீம் பொதுவெளியில் இருப்பதாக நினைத்துப் பேசுகிறீர்கள். அது எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அதை அனுப்பினார். அவர் உங்கள் அணிக்காரர்தான், அண்ணா. அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டு, என்னவென்று அப்பாவுக்கும் காட்டினாள். அண்ணன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தான். எனக்கு 19 வயதில் என் தோழியின் குறுஞ்செய்திகளைப் படித்தவன் அவன். அதன் பிறகு பதினொரு மாதம் என் கையில் கைப்பேசி இல்லை. கல்லூரிக்கு அவனே கொண்டுபோய் விட்டு, அவனே அழைத்து வந்தான். வீட்டில் வேறு யாருக்கும் அவன் சொல்லவில்லை என்பதால் இன்று வரை அவனுக்கு நான் கடன்பட்டவளாக இருக்கிறேன். அன்று அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அவன் பார்த்த பார்வையில், ‘சொன்னால் இவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டாயா’ என்ற கேள்வி இருந்தது. அந்தத் தலைவர் மீமைப் பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியாது. நான் பார்த்தேன்.

2021 வழக்கைப் பற்றி, மன்றவாசல் அக்கா, நீங்கள் எழுதினீர்கள். அந்த வழக்கே மதுரையிலிருந்து தப்பிச் சென்னைக்குப் போன இரண்டு பெண்களால் வந்தது. பெற்றோர் காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்ததால் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்தச் செய்தியை என் கைப்பேசியில், போர்வைக்குள் படித்தேன். என்னைப் போல் இன்னொருத்தி உண்டு என்று நான் 16 வயதில் அறிந்ததும் இணையத்தில்தான், யாரிடமும் அனுமதி கேட்காமல்தான். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் காக்கத்தான் அதை எழுதியிருப்பார்கள். எந்தக் கூடத்தில் அந்த மீமைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்தக் கூடத்தில் போய் நின்று அந்த ஒப்புதலை எந்தப் பிள்ளை கேட்கும்?

இன்னொன்று: தயவுசெய்து ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வாழ்க்கை முழுவதையும் படுக்கையாகச் சுருக்கும் சொல் அது. நம் அணியின் நல்ல கட்டுரைகளிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

இரவுக்காவல் அண்ணா, தேர்தல் முடியும் வரை பொறுக்கச் சொல்கிறீர்கள். உங்களுக்கு அது சில மாதம். எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

வைகைக்கரையான்:

மலையடிவாரம் எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வியே சிறியதாகத் தெரிகிறது. எனக்கு நேர்ந்தது அவமானம். தங்கைக்கு நேர்ந்தது அச்சுறுத்தல். இரண்டையும் நான் ஒன்றாக எண்ணியிருந்தேன்.

பழையதறி ஐயா சொன்னபடி அந்த ஒருவருக்கு நேற்றிரவு தனியாக எழுதினேன். அவருடைய 2018 பதிவையே அவருக்கு அனுப்பி, இதை எழுதியவரிடம்தான் பேச விரும்புகிறேன் என்று மட்டும் சேர்த்தேன். படித்துவிட்டார், பதில் வரவில்லை. பொதுவெளியிலும் எழுதப்போகிறேன், படமும் பெயர்களும் இல்லாமல். எதிரணியினர் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்பது உண்மைதான், இரவுக்காவல். அதனால் அவர்களுடைய குழுக்களிலும் இதே வசை ஓடுகிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். என் வாக்கு எந்தப் பக்கம் என்பதையும் அதே பத்தியில் சொல்வேன். மன்றவாசல், வெளியிடும் முன் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

மன்றவாசல்:

அனுப்புங்கள். இன்றிரவே பார்க்கிறேன்.

இரவுக்காவல்:

மலையடிவாரம், உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தனிமடலில் மட்டும் பேசச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிறு மாலை எங்கள் பிரிவின் கூட்டம் நடக்கிறது. முப்பது பேராவது வருவார்கள். அங்கே உங்கள் கடிதத்தை நான் வாசிக்க அனுமதி தருவீர்களா? யாரோ ஒருவர் எழுதியது என்று மட்டும் சொல்கிறேன்.

மலையடிவாரம்:

வாசியுங்கள் அண்ணா. ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள். சித்தப்பாவும் அந்தக் கூட்டங்களுக்கு வருவார்.